சிவக்காத வரி

ஆற்றங்கரைக் காட்டில் கணினியை இயக்க மூங்கில்தோப்புக்கு ஒரு லினக்ஸ், ஈச்சந்தோப்புக்கு வேறொரு லினக்ஸ். கோப்பைத் திறந்து படிக்கும் எடிட்டர் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆற்றின் தலைமாட்டில் இருந்த நீர்நாய் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை ஒரு கோப்பில் எழுதுவாள். எல்லாரும் அதை எடிட்டரில் திறந்து பார்ப்பார்கள். எண் தெரியாதவர்களுக்காக எடிட்டரோடு சேர்ந்து ஓடும் ஆட்-ஆன் என்ற சின்ன நிரல் ஒன்றையும் அவளே செய்திருந்தாள். வெள்ளம் வருமென்றால் கோப்பில் நீர்மட்டம் எழுதிய வரி சிவந்துவிடும்.

அதை அவரவர் கணினியில் போட்டுக்கொள்ளும்படி பொட்டலமாக்கித் தருவது அந்தந்தத் தோப்புக்காரர் வேலை. மூங்கில்தோப்பில் அணில் அதை ஒரே பொட்டலமாகக் கட்டினான். ஈச்சந்தோப்பில் முள்ளன் என்ற முள்ளம்பன்றி மூன்றாகப் பிரித்தான்: படிக்க ஒன்று, அளக்க ஒன்று, நிறத்துக்கு ஒன்று. கடைசிப் பொட்டலத்தைத் தனியாகத் தேடிப் போட்டு, கையால் முடுக்கவும் வேண்டும்; இல்லாவிட்டால் வரி சிவக்காது. ஒன்றாகவே கட்டிவிடேன் என்று நீர்நாய் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். தோப்பு முறையை மாற்றவா என்று முள்ளன் சிரித்தான்.

நரித் தொல்லை தாங்காமல் மூங்கில்தோப்பை விட்டு இரண்டு குட்டிகளோடு ஈச்சந்தோப்புக்கு வந்தாள் எண் தெரியாத மருதி முயல். பழைய பெயரிலேயே ஒரு பொட்டலம் கிடைத்தது. போட்டாள். கோப்பும் திறந்தது. இருந்தாலும் பயம். முள்ளனிடம் போய்க் கேட்டாள்.

"போட்டாச்சு அண்ணே. இனி ஒண்ணும் செய்ய வேண்டாமில்ல?"

"போட்டாச்சுன்னா ஆச்சு, தங்கச்சி."

அவள் சொன்னது படிக்கும் பொட்டலம் ஒன்றை. அவன் நினைத்தது மூன்றையும்.

மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பக்கத்து வளை எலி குடும்பத்தோடு மேட்டுக்குக் கிளம்பியபோது மருதியையும் கூப்பிட்டது. வரி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஈரத்தில் குட்டிகளை ஏன் இழுத்தடிக்க வேண்டும் என்றாள் அவள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். கறுப்பு. மறுபடியும் கறுப்பு.

தண்ணீர் வளைக்குள் வந்தபோதும் வரி கறுப்பாகவே இருந்தது.

ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மற்றதை எடுக்கத் திரும்பி வந்தாள். வளை இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்தபின் முள்ளன் வந்தான். முகத்தைப் பார்க்காமலே பேசினான். "நிறத்தைத் தனியா போடணும்னு பொட்டலத்துக் குறிப்புல எழுதித்தான் வெச்சிருக்கேன், தங்கச்சி. நாற்பதாவது வரியில இருக்கு."

மருதி அழவில்லை. "குட்டி ரெண்டு அண்ணே," என்றாள். "வாய் ஒண்ணுதான் இருந்துச்சு."

முள்ளன் போய்விட்டான். அன்றே மூன்று பொட்டலங்களையும் பிரித்து ஒன்றாகக் கட்டினான். போட்டதுமே நிறம் தானாக வந்தது. அரை நாள் வேலைதான்.

அடுத்த மழையில் வரி சிவந்தது. முதல் ஆளாக மேடு ஏறினாள் மருதி, வாயில் ஒரே ஒரு குட்டியோடு.

உயிரைக் காக்கும் பொருளை, பயந்து நடுங்குகிற கையும் ஒரே தடவையில் எடுக்கும்படி கட்டிவைக்காதவன், அதைக் கொடுக்காதவனே.