எதிராளிக்காக வாதாடிய தூதர்

புன்னை நாடு என்று ஒரு நாடு. மாறபூபதி என்ற ராஜா அதை ஆண்ட காலம் அது. நினைத்தால் மாலை போடுவார், நினைத்தால் தலையை வாங்குவார். அவரிடம் மந்திரியாக இருந்தவர் தாண்டவராயர்.

ராயருக்கு ஒரே ஒரு ஆள்மேல்தான் வயிற்றெரிச்சல். அவர் மருதவாணர் என்ற வழக்கறிஞர். ஒரு குயவப் பெண்ணின் நிலத்துக்காக ராஜாவையே எதிர்த்து வாதாடி ஜெயித்தவர்.

அந்த வருஷம் மேற்கே குன்ற நாட்டு ராஜா ஆற்றை மறித்து அணை கட்டிவிட்டார். புன்னை நாட்டுப் பயிரெல்லாம் வாடியது. தண்ணீர் கேட்டுப் போன தூதர்கள் மூன்று பேரும் மொட்டைத் தலையோடு திரும்பினார்கள்.

"மகாராஜா, மருதவாணரை அனுப்பலாமே! வாய்தான் காது வரைக்கும் நீளுதே" என்று ஏற்றிவிட்டார் ராயர்.

"அனுப்பும்! என்னைப் பற்றி அங்கே ஒரு சொல் தாழ்வாகப் பேசினாலும் தலை போகும். நீரும் கூடப் போய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாரும்."

குன்ற நாட்டுச் சபையில் மருதவாணர் எழுந்தார்.

"மகாராஜா, போன பஞ்சத்தில் உங்கள் ஜனங்கள் எங்கள் கோட்டை வாசலில் நெல்லுக்குக் கையேந்தி நின்றார்கள். எங்கள் ராஜா கதவைச் சாத்தினார். வாசலிலேயே நாற்பது பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அணை கட்டாமல் என்ன செய்வீர்கள்?"

'தொலைந்தான்!' ராயரின் எழுத்தாணி ஓலைமேல் பறந்தது. ஆனால் மருதவாணர் செத்தவர்களைப் பேர் பேராகச் சொல்லச் சொல்ல, ராயரின் கை தானே மெதுவானது. குன்ற நாட்டு ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு பேச்சை ராயர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

மருதவாணர் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஐயா, உம்ம ராஜாவின் கட்சியைச் சொல்லவில்லையே?" என்றார் குன்ற நாட்டு ராஜா.

"எங்கள் நியாயசபை வழக்கம் இது, மகாராஜா. எதிராளியின் வழக்கை நான் குறையில்லாமல் சொல்ல வேண்டும். பிறகு என் வழக்கை அவர் சொல்ல வேண்டும். நான் சொன்னதில் குறை உண்டா?"

"ஒன்றுமில்லை."

"அப்படியானால் இனி உங்கள் முறை."

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே தொடங்கினார். "சரி... கீழே பயிர் வாடுகிறது. கிணறு வற்றியிருக்கும். பிள்ளைகள்..." சிரிப்பு நின்றுபோனது. "கதவைச் சாத்தியவன் ராஜா. தாகத்தில் கிடப்பது பிள்ளைகளா?" காவலர்கள் பக்கம் திரும்பி, "மதகைத் திறவுங்கள்" என்றார்.

இவர்கள் ஊர் திரும்புவதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. மாறபூபதி ராயரிடம் அவர் எழுதிய ஓலையைப் படிக்கச் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

"நான் கதவைச் சாத்தினேனாமா? பொய்தானே, ராயரே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், மருதவாணர் தலை உருளும். அவரோ கெஞ்சவுமில்லை, நடுங்கவுமில்லை. ராயர் ஓலையைக் கீழே வைத்தார்.

"நிஜம், மகாராஜா. சாத்தச் சொன்னது நீங்கள். சாத்தினது நான்."

ராஜாவின் தலை தாழ்ந்தது.

"மருதவாணரே, ஆயுசுக்கும் நீர்தான் என் தூதர். ராயரே, நூறு வண்டி நெல் ஏற்றும். செத்த நாற்பது பேர் வீட்டு வாசலிலும் நீரே சுமந்து இறக்கும். நானே போக வேண்டியது... எனக்குக் கால் வரவில்லை."

ராயர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.