அண்ணாச்சி முறுக்கிய பிளக்

தூத்துக்குடி வேன் ஸ்டாண்டில் முக்கால்வாசி வண்டி தவசிமுத்து அண்ணாச்சியுடையது. அதனால் அவர் வைத்ததுதான் சட்டம்.

கூலன்ட் மாற்றிய மறுநாள் ஒரு வேனின் ரேடியேட்டர் அடியில், கூலன்டை வடிக்கத் திறக்கும் பிளக் ஒழுகியது. கூலன்ட் மாற்றிய டிரைவர் சூசை மேல் அண்ணாச்சி பாய்ந்தார்.

“பிளக்க உடைச்சது நீதாம்ல! அதே பிளக்க வச்சு ஒழுக்க நிறுத்து, இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போ!”

சூசை குனிந்து பார்த்தான். கையால் மட்டும் மூட வேண்டிய பிளாஸ்டிக் பிளக்கில் விரிசலும், பிளையர் கடித்த தடமும் இருந்தன.

“எனக்குப் பிறகு எவனோ சோனிப்பய முறுக்கியிருக்கான், அண்ணாச்சி. வலு பத்தாம பாதியில விட்டிருக்கான். அதான் ஒழுகுது.”

“யாருல சோனிப்பய? ‘டக்’குனு சத்தம் வார வரைக்கும் முறுக்குனது நாந்தாம்ல!”

ஸ்டாண்டே சிரித்தது. அன்றைக்கே அண்ணாச்சி சூசையிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் புது டிரைவரிடம் அண்ணாச்சி சொன்னார்: “பழையவன் பிளக்க உடைச்சிட்டுப் போயிட்டாம்ல.”

முந்தின நாள் சிரித்த வாய்களெல்லாம் “ஆமா” என்றன.