பூட்டிய விசைப்பலகை

மலைமேல் ஓர் ஆசிரமம். அங்கே தைலம் காய்ச்சி விற்பார்கள். வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டு எழுதினால் கம்ப்யூட்டரில் பதில் அடித்து அனுப்புவது சீடர்களின் வேலை.

அவர்களில் திருமாறன் சாஃப்ட்வேர் கம்பெனியை உதறிவிட்டு வந்தவன். வேலையைத்தான் உதறினான், அதிகாரத்தை உதறவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே சட்டம் போட்டான்: இனி எல்லாரும் தமிழ்99 விசைப்பலகையில்தான் அடிக்க வேண்டும். தமிழுக்கென்றே யோசித்துச் செய்தது அதுதானாம்.

டைப்ரைட்டிங் படித்த பூபதியின் பழைய முறை போயிற்று. விரல் மடங்காத கோமதியம்மாள் மைக்கில் பேசிப் பதிவது போயிற்று. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பதும் போயிற்று. எல்லாவற்றையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டான். ஆங்கில எழுத்தைத் தட்டுவது அவனே வருஷக்கணக்காய் அடித்த முறை. அதை விட்டதைத் துறவு என்றே எண்ணிக்கொண்டான்.

அன்று அடைமழை. போன் பேச முடியவில்லை. ஒரு தாயிடமிருந்து எழுத்து மட்டும் எப்படியோ வந்தது.

"சாமி, உங்க தைலத்தை என் பிள்ளை குடிச்சிட்டான். ரெண்டு வயசு. வாந்தி எடுக்க வைக்கட்டுமா?"

குரு வேதநாயகி, திருமாறனைவிட வயதில் இளையவர், அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வாந்தி கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அடி."

அடித்தான். பதற்றத்தில் விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. திரையில் 'வஅலேகன' என்று விழுந்தது. அழித்தான். மறுபடி அடித்தான். மறுபடியும் அதே குப்பை. அவசரத்தில் அதையே அனுப்பியும் விட்டான்.

"சாமி, புரியலையே! தொண்டையில விரல் விடவா?"

"பூபதி, நீ அடிக்கிறியா?" என்றார் குரு.

"எனக்கு வர்றதைத்தான் சார் பூட்டிட்டாரே, அம்மா."

"பூட்டைத் திற," என்றார் குரு.

"ரெண்டே நிமிஷம் அம்மா. முறையாவே அடிச்சிடறேன்."

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம் இருக்குன்னு யாருப்பா உங்கிட்ட சொன்னது?"

திருமாறன் பூட்டைத் திறந்தான். காது மடல் சிவக்க, தான் துறந்த முறையிலேயே அடித்தான்.

'வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தைலப் புட்டியையும் எடுத்துப் போங்கள்.'

போயிற்று.

பதில் இல்லை. மழை கொட்டியது. கோமதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். திருமாறன் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்து எழுத்து வந்தது.

"டாக்டர் பார்த்துட்டாரு சாமி. பயமில்லையாம். மடியில உட்கார்ந்து அழறான்."

கோமதியம்மாள் மூக்கைச் சிந்தினார். பூபதி, "அழட்டும், நல்லா அழட்டும்," என்றான்.

திருமாறன் எழுந்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அம்மா, எனக்குப் பயிற்சி போதலை, ஒத்துக்கறேன். அதுக்காக ஆளுக்கொரு முறையா? எது சரின்னாவது நீங்க சொல்லுங்க. அதையே எல்லாருக்கும் வைக்கலாம்."

குரு திரையை அவன் பக்கம் திருப்பினார். அந்தத் தாயின் வரிகள் இன்னும் அதில் இருந்தன.

"இவ எதுல அடிச்சுக் கேட்டா?"