மயில் விரட்டுகிறவள் காட்டிய ஆள்

வேம்பாறை விமான நிலையம் கையகலம்தான், ஆனாலும் ஊருக்கு அதில் அத்தனை பெருமை. அரசு மானியத்தில் காலையும் மாலையும் ஒரு குட்டி விமானம் வந்து போகும். ஓடுபாதையில் மேயும் மயில்களை வெடி போட்டு விரட்டுவது பொன்னுருவியின் வேலை.

மானியத்தை நிறுத்துவதற்கென்றே மேலதிகாரி சக்கரபாணி காலை விமானத்தில் வந்து இறங்கினார். "இந்த நிலையம் இல்லாட்டி தவிச்சுப் போற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பார்ப்போம்!" என்று நக்கலடித்தார். யாரும் வாய் திறப்பதற்குள் உத்தரவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதில் ஆபீஸ் பழக்கத்தில், 'இன்று முற்பகல் முதல் நிலையத்தின் எல்லாப் பணிகளும் நிறுத்தப்படுகின்றன' என்று எழுதியிருந்தார்.

அவர் திரும்பிப் போகவேண்டிய மாலை விமானம் தலைக்கு மேலே வட்டமடித்தது. மயில்கள் போனால்தான் இறங்குவேன் என்று விமானி சொல்லிவிட்டார். பொன்னுருவியோ கைகட்டி நின்றாள்.

"என்னம்மா வேடிக்கை? விரட்டு!"

"முற்பகலோட என் வேலை போச்சுங்களே ஐயா. உங்க உத்தரவை நானே மீறலாமா? கார் பிடிச்சுப் போங்க, பத்து மணி நேரம்தான்."

"ராத்திரி ஏழு மணிக்குத் தலைநகர்ல அமைச்சர் கூட்டம்மா! இந்த விமானத்தை விட்டா நான் தொலைஞ்சேன்!"

"ஒரு ஆளைக் கேட்டீங்களே, கிடைச்சிட்டார் ஐயா. பேரு எழுதிக்கலாமா?"

நிலையமே கொல்லென்று சிரித்தது. உத்தரவை அவர் தம் கையாலேயே கிழித்துப் போட்ட பிறகுதான் முதல் வெடி வெடித்தது.

இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் வேம்பாறைக்காரர்கள் வேலிப்பக்கம் ஓடிவந்து, வந்த விருந்தாளிகளுக்கு முதலில் பொன்னுருவியைத்தான் கைநீட்டிக் காட்டுகிறார்கள்.