புல்லரிக்காத கை

எந்த நாடு, எந்தக் காலம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், அவ்வளவுதான். பெயர் மதங்கபூபதி. அவருக்குத் திடீரென்று கவிதை எழுதும் ஆசை வந்தது. ஆசை வந்ததில் தப்பில்லை. எழுதியும் விட்டார், அதுதான் தொல்லை. அதுவும் தன் மீசையைப் பற்றி.

அவைப் புலவர் அம்பலவாணர் அதைக் கேட்டுவிட்டுத் தன் முன்கையை நீட்டினார். "மன்னா, பாருங்கள்! ரோமமெல்லாம் எழுந்து நிற்கின்றன. உயர்ந்த கவிதைக்கு இதுவே அடையாளம். இதைக் கேட்டும் எவனுக்குப் புல்லரிக்கவில்லையோ, அவன் ராஜத்துரோகி."

அன்றே சட்டமாகிவிட்டது. ராஜாவின் கவிதைக்குப் புல்லரிக்காத கையை வெட்டிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு சபையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மந்திரிகள் கையில் பன்னீரைப் பூசிக்கொண்டு வந்தார்கள். ஈரத்தில் விசிறிக் காற்று பட்டதும் தோல் தானாகச் சிலிர்த்தது. தப்பித்தார்கள். அந்த விசிறியை வீசியவன் காத்தான். ஆளுயர விசிறியைக் காலையிலிருந்து ஆட்டுகிறவனுக்கு எங்கிருந்து குளிரும்? அவனுக்கு வேர்த்து வழிந்தது.

காத்தான், சபையின் விகடக்காரி சடைச்சிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சடைச்சியின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் அம்பலவாணருக்கு வயிறு எரியும். ஒருநாள் கவிதை முடிந்ததும் அவர் நேரே போய்க் காத்தானின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"ஒரு ரோமம்கூட அசையவில்லை, மன்னா."

சடைச்சி இடத்தைவிட்டு எழுந்துவிட்டாள்.

"ராசா, இவ்வளவு பேருக்கும் காத்து வீசுறவன் அவன். அவனுக்கு யார் வீசுறா? விசிறியைப் புலவர் கையில கொடுங்க, அண்ணனை உட்கார வையுங்க. அப்புறம் யாருக்குப் புல்லரிக்குதுன்னு பார்ப்போம்."

"நான் விசிறியைத் தொடுவதா?" அம்பலவாணர் பின்வாங்கினார். "மன்னா, இவள் காற்றின்மேல் பழி போடுகிறாள். இவளே ஒரு கவிதை சொல்லி இவனுக்குப் புல்லரிக்க வைக்கட்டும். இவனைத் தொடக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. முடியாவிட்டால் இவள் கையும் போகட்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள்."

சடைச்சி வெளியே வந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முற்றத்துக்கும் மதிலுக்குமாக நடந்தாள். எதுகை தேடினாள், மோனை தேடினாள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவள் கையே சிலிர்க்கவில்லை. அண்ணன் கை எங்கே சிலிர்க்கப்போகிறது? அப்போது மடைப்பள்ளியில் யாரோ வெண்கல உருளியைக் கல்தரையில் இழுத்தார்கள். சடைச்சி தன் கையைப் பார்த்தாள். ஒரே ஓட்டமாக ஓடினாள்.

உருளியை இடுப்பில் வைத்துக்கொண்டு சபைக்குத் திரும்பினாள்.

"ராசா, என் கவிதைக்கு ரெண்டே அடி. முதலடி இதுதான்."

மடியில் கட்டிவந்த ஒரு பிடி மணலைத் தரையில் தூவினாள். உருளியைக் கவிழ்த்தாள். அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு.

கிரீ...ச்!

தளபதி காதைப் பொத்திக்கொண்டார். மந்திரி பல் கூசி வாயை மூடினார். ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்தின்மேல் தூக்கிக்கொண்டார். "நிறுத்து! நிறுத்து!"

"இன்னும் ஒரு அடி இருக்கே, ராசா?"

"வேண்டாம் தாயே, வேண்டாம்!"

"அப்படின்னா எல்லாரும் கையை நீட்டுங்க."

நீட்டினார்கள். மந்திரிக்கு ரோமம் எழுந்து நின்றது, தளபதிக்கு நின்றது, வேர்வையோடு வேர்வையாகக் காத்தானுக்கும் நின்றது. ராஜாவின் கையிலும் ஒரு ரோமம் படுக்கவில்லை.

"இதுவா கவிதை? வெறும் ஓசை!" என்று கத்தினார் அம்பலவாணர்.

"ரோமம் நின்னா உயர்ந்த கவிதைன்னு சொன்னது நீங்கதானே? அப்போ இந்த உருளிதான் இனிமே அவைப் புலவர். எழுந்து இடத்தைக் கொடுங்க. இது கவிதை இல்லைன்னா உங்க அடையாளம் பொய். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

புலவர் தன் இருக்கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சடைச்சி ராஜாவின் பக்கம் திரும்பினாள். "தோலுக்கு உங்களையும் தெரியாது ராசா, என்னையும் தெரியாது. குளிர்ந்தா சிலிர்க்கும், பயந்தா சிலிர்க்கும், காதுக்கு ஆகாத சத்தம் கேட்டாலும் சிலிர்க்கும். அதுபாட்டுக்குப் பதில் சொல்லுது. அதுக்குப் பக்தி ஏது, துரோகம் ஏது?"

ராஜா தன் கையை ஒருமுறை பார்த்தார், உருளியை ஒருமுறை பார்த்தார். குபீரென்று சிரித்துவிட்டார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. சடைச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிப்பு அப்புறம், ராசா. அண்ணனோட கை இப்போ யாருதுன்னு முதல்ல சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது. ராஜா காத்தானைப் பார்த்தார். "காத்தானுடையது. அந்தச் சட்டம் இந்தக் கணமே ரத்து. புலவரே, எழுந்திரும், உருளிக்கு இடம் விடும்." பிறகு தம் பொன் கடகத்தைக் கழற்றிச் சடைச்சியின் கையில் தாமே மாட்டினார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

காத்தான் பழக்க தோஷத்தில் விசிறியைத் தூக்கப் போனான்.

"வை அண்ணே அதை," என்றாள் சடைச்சி. "கொஞ்ச நேரம் அவங்களுக்கும் வேர்க்கட்டும்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டே, மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக ராஜாதான் சிரித்தார்.