மெழுகு மூக்கு

பாளையங்கோட்டையில் நூருன்னிசா டீச்சரிடம் படம் வரையக் கற்றுக்கொண்டவர்களில் வேதமுத்துதான் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்திரண்டு, அவருக்கு ஐம்பத்தொன்பது. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்து, மாங்குமாங்கென்று உழைத்துப் பிள்ளைகளுக்காக ஒரு விண்வெளிச் சித்திரக்கதையை முடித்திருந்தார். அவருடைய முதல் புத்தகம். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். வில்லன் வந்த இடத்தில் கை நின்றது. பச்சைத் தோல், வளைந்து தொங்கும் மூக்கு, கூன், கையில் தங்கப் பை. கிரகம் கிரகமாக விலைக்கு வாங்கித் திரைமறைவில் இருந்து ஆட்டிவைக்கிறவன்.

“இதை அனுப்பாதீங்க அண்ணாச்சி.”

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. “ஏன் டீச்சர்?”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதற்கு முன்னால் ஜெர்மனியில் சுவரெங்கும் ஒட்டிய யூதன் படம். அதே மூக்கு. அதே கூன். அதே பை. அதை வரைந்தவனும் ஓர் ஓவியன்தான், கொடுமையே அதுதான்.

“நான் யூதனைப் பார்த்ததே கிடையாது!” வேதமுத்துவின் குரல் ஏறியது. “இவன் வேற்றுக்கிரகவாசி. பச்சையா வேற இருக்கான்.”

“பச்சையைத் துடைச்சிட்டா யாரு?”

அவர் படத்தைப் பார்த்தார்.

“பார்க்காத ஆளோட மூக்கு உங்களுக்கு எங்கே கிடைச்சுது?”

“எங்க மாதா கோயில்ல இயேசு சிலுவைப்பாடு காட்டுற பாஸ்கா நாடகத்துல. இருபது வருசமா எல்லாருக்கும் வேஷம் போட்டுவிடுறது நான்தான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மட்டும் மெழுகுல ஒரு மூக்கு ஒட்டுவேன். பார்த்ததுமே துரோகின்னு சனங்களுக்குத் தெரிஞ்சிரும்லா.”

“இந்த வருசம் மாதாவுக்கும் அதையே ஒட்டுங்க.”

வேதமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். டீச்சரை அவர் இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

“மாதாவைப் பத்தி என்ன பேச்சு பேசுதீய டீச்சர்?”

“அவங்க யூதப் பெண்தானே? அவங்க மகன் இயேசுவும் யூதர். சீடர்கள் பன்னிரண்டு பேரும் யூதர்.”

“இருக்கட்டும்! அதுக்காக அந்த மூக்கை ஒட்டி மாதாவைக் கேவலப்படுத்தணுமா?”

டீச்சர் பச்சை வில்லன் இருந்த பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“அப்போ, கேவலப்படுத்தத்தான் அந்த மூக்குன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி.”