மூலைப் பூட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்று. பத்திரிகையை வடிவமைக்க அங்கே ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதைச் செய்தவள் ஞானசௌந்தரி. அவளிடம் அதில் வேலை பழகியவர் தவசிலிங்கம். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

இந்த வருஷம் முதலாளி ஒரு ஏஐ ஏஜெண்டைக் கொண்டுவந்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டு சாஃப்ட்வேரைத் தானே இயக்குமாம் அது. எழுதிக் கொடுக்கிற பொறுப்பு தவசிலிங்கத்துக்கு. ஏஜெண்டுக்குப் பிடிபடவில்லை என்றால் இதைத் தூக்கிவிட்டு வேறு சாஃப்ட்வேர் வாங்கிவிடுவேன் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். தவசிலிங்கம் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டார். பாதி ஆயுசை அந்தத் திரைக்கு முன்னால் கழித்தவர் அல்லவா.

ஒரு பொத்தான் விடாமல் எழுதினார். அழுத்தினால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகும், எல்லாம். ஏஜெண்டும் கடகடவென்று ஒரு பத்திரிகை போட்டது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் சொந்தக்காரர் பெயர்கள் ஏராளம். இடம் போதாமல், மூலையில் எழுத்து விழாமல் தடுக்கிற மூலைப் பூட்டு என்ற பொத்தானை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரைக் கொண்டுபோய்க் கீழ்மூலையில் வைத்துவிட்டது.

முதலாளி பார்த்தார். சாயங்காலம் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தவசிலிங்கம் தான் எழுதியதைத் திரும்பப் படித்தார். தப்பு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூலைப் பூட்டைத் திறக்காதே என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பார்த்தார். ஏஜெண்ட் இந்தத் தடவை பூட்டைத் தொடவில்லை. தாய்மாமன் பெயரை ஒரு பூவோடு சேர்த்துப் படமாக்கி, அதே மூலையில் ஒட்டிவிட்டது.

டீச்சரிடம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன் டீச்சர். எழுதுனபடிதான் செய்யுது. ஆனா அதுக்கு வெளங்கலையே."

அவள் படித்துப் பார்த்தாள். மூலைப் பூட்டு என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு வந்துச்சு அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்கீகளே."

"சொல்லுங்க, கேப்போம்."

சொல்ல ஆரம்பித்ததும் அவர் குரல் இளகிவிட்டது. அவர் வேலை பழகின அந்தப் பழைய ரூம், பெட்டி மாதிரி மானிட்டர், கரண்டு போனால் அட்டையால் விசிறிக்கொண்டே அவள் சொன்ன கதைகள். ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு கல்யாணம். மூலைப் பூட்டுக்குப் பின்னால் சாத்தூர்ப் பக்கத்துக் கல்யாணம். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தானே கொடுப்பார்கள்? அங்கே மஞ்சள் போய் உட்கார்ந்தது பெண்ணின் தாய்மாமன் பெயர்மேல். எம் பேரை அழிச்சுட்டா என்னைக் கூப்பிட வந்தீக என்று கேட்டு மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணப் பெண்ணே நேரில் போய் வாசலில் நின்ற பிறகுதான் வேட்டியை மாற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினார். அதைக் கேள்விப்பட்ட கையோடு டீச்சர் செய்ததுதான் அந்தப் பூட்டு.

சொல்லி முடித்தும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இதை எழுதலையா?"

"இது கதைதானே டீச்சர். மெஷினுக்குக் கல்யாணமா காட்சியா?"

அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். இப்போது சொன்னதை அப்படியே தட்டச் சொன்னாள்.

தட்டினார். ஏஜெண்ட் படித்தது. பெயர்களை இரண்டு வரிசையாக்கி, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, தாய்மாமனைத் தூக்கி நடுவில் வைத்தது. நாலு மூலையும் வெறிச்சென்று கிடந்தன. அடியில் ஒரு கேள்வியும் இருந்தது. உறைமேலும் மஞ்சள் தடவுவார்களா, அங்கேயும் மூலையை விட்டுவிடட்டுமா என்று.

சாயங்காலம் முதலாளி வந்தார். பத்திரிகையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை இன்னொரு தரம் வாசித்தார். இந்தச் சாஃப்ட்வேரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவசிலிங்கத்துக்குத்தான் மனசு ஆறவில்லை.

"திறக்காதேன்னு சொன்னேன், அதுக்கு உறைக்கலை. கதையைச் சொன்னதும் கேட்டுக்கிடுச்சு. அது எப்படி டீச்சர்?"

ஞானசௌந்தரி திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அன்னைக்கு நீங்க எப்படிக் கேட்டுக்கிட்டீங்க அண்ணாச்சி?"